மாமாவின் மப்ளர்

(வெளிநாட்டில் மாப்பிள்ளையின் வீடு. பனிக்காலக் காலை. கூடத்தில் நட்சத்திர ஆமையின் பெட்டி. பக்கத்தில் மாமனார், காதுவரை கம்பளி. மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வருகிறார்.)

மாப்பிள்ளை: மாமா, ஆமை எங்கே?

மாமனார்: பதறாதீர்கள். அந்த மப்ளருக்குள் இருக்கிறது. நான்தான் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

மாப்பிள்ளை: ஐயோ! பெட்டியில் சூடே இல்லையே?

மாமனார்: மேலே ஒரு பீங்கான் பல்பு ராத்திரியெல்லாம் வெளிச்சமே தராமல் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போனதை எதற்கு எரியவிட வேண்டும்? அணைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை: அது கெட்டுப்போகவில்லை மாமா. சூடு மட்டும் தரும், வெளிச்சம் தராது. ராத்திரி ஆமை தூங்க வேண்டாமா?

மாமனார்: அதற்குத்தானே மப்ளர்!

மாப்பிள்ளை: மப்ளர் தானாகச் சூடு தராது. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஆமைக்குப் பிடித்து வைக்கச் சூடு ஏது? குளிர்ந்த கல்லைப் போர்த்தினால் அது குளிர்ந்த கல்லாகவே இருக்கும்.

மாமனார்: (தொட்டுப் பார்த்து) அட, சில்லென்றுதான் இருக்கிறது. ஆமை பனிக்காலம் முழுக்கத் தூங்குமாமே?

மாப்பிள்ளை: அது வேறு இனம். இது இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் பக்கத்து வெயிலுக்குப் பழகியது. குளிர்காலத் தூக்கம் இதற்குத் தெரியாது. குளிரில் தின்றது செரிக்காது. ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி கட்டிவிடும். மூக்கில் குமிழி வந்ததா? வாயைத் திறந்து மூச்சு விட்டதா?

மாமனார்: இதற்கு வரவில்லை. எனக்கு இரண்டும் நேற்றே வந்துவிட்டது. யாரும் விசாரிக்கவில்லை.

(மாப்பிள்ளை மப்ளரைப் பிரித்து, விளக்குகளைப் போடுகிறார்.)

மாமனார்: ஜன்னலோரம் வைத்தால் சூரியனே இலவசமாக எரியுமே?

மாப்பிள்ளை: வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அது இல்லாவிட்டால் டி3 வைட்டமின் இல்லை. கால்சியம் உடம்பில் ஒட்டாது. ஓடு மெத்தென்று ஆகிவிடும். அதற்குத்தான் இந்தக் குழல் விளக்கு. இதையும் அடுத்த வாரம் மாற்ற வேண்டும்.

மாமனார்: பளிச்சென்று எரிகிறதே!

மாப்பிள்ளை: வெளிச்சம் இருக்கும், கதிர் குறைந்துபோயிருக்கும்.

மாமனார்: எரியாததை எரியவிடுகிறீர்கள், எரிவதைத் தூக்கிப் போடுகிறீர்கள். என் மகள் கொடுத்து வைத்தவள். போகட்டும், முன்பே சொல்லியிருந்தால் வரும்போது இதற்கு ஒரு ஜோடி பிடித்து வந்திருப்பேனே?

மாப்பிள்ளை: நல்லவேளை! இந்தியாவில் இதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது பண்ணையில் பிறந்தது, காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது.

மாமனார்: ஓ, இதற்கும் விசா உண்டா?

மாப்பிள்ளை: கொஞ்சம் சூடு ஏறட்டும். அப்புறம் தாடை நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் விட வேண்டும். தண்ணீரும் குடித்துக்கொள்ளும்.

மாமனார்: நான் வெந்நீர் கேட்டால் "ஐந்து நிமிடத்தில் வெளியே வாருங்கள்" என்கிறீர்கள்.

மாப்பிள்ளை: விளக்கடியில் 33 டிகிரி, மறுகோடியில் 26, ராத்திரி 20-க்குக் கீழே இறங்கவே கூடாது. அது சரி, பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டர் எங்கே?

மாமனார்: என் படுக்கையில். 16 காட்டுகிறது. இந்த வீட்டில் நான் ஆமையைவிட எதில் குறைந்துபோய்விட்டேன்?

மாப்பிள்ளை: நீங்கள் குளிர் ரத்தப் பிராணி இல்லையே மாமா!

மாமனார்: எதற்கும் உங்கள் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.