கூகுள் தருவது காசு இல்லை

“டிரஸ்ட் பதிவு இருந்தால் போதும், கூகுள் மாதாமாதம் 10,000 டாலர் பேங்கில் போட்டுவிடும்” என்று தாராவியில் இலவச டியூஷன் நடத்தும் தம்பிக்கு ஒருவர் ஆசை காட்டியிருக்கிறார். அவர் சொல்வது கூகுள் தொண்டு நிறுவனங்களுக்கு இலவச விளம்பரம் தரும் ‘ஆட் கிராண்ட்ஸ்’ திட்டம். அதில் ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராது. கூகுள் தேடல் பக்கத்தில் மாதம் அந்த 10,000 டாலர் மதிப்பு வரைக்கும் எழுத்து விளம்பரம் போடலாம், அவ்வளவுதான். மிச்சம் அடுத்த மாதத்துக்குச் சேராது. இன்ஸ்டா, ஃபேஸ்புக் விளம்பரத்துக்கும் உதவாது.

அப்புறம், விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 5 சதவீதம் பேராவது அதைச் சொடுக்க வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து அதற்குக் கீழே போனால் கணக்கை முடக்கலாம். எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரணும் என்று நாம் கொடுக்கும் சொல்லாக ‘டியூஷன்’ என்ற ஒற்றைச் சொல்லையெல்லாம் ஏற்க மாட்டார்கள். ‘தாராவி இலவச டியூஷன்’ என்று குறிப்பாகப் போடணும். தம்பி, முதலில் சொந்தமாக ஒரு வெப்சைட் போடுங்கள். பிள்ளைகளைச் சேர்க்க வாட்ஸ்அப்பே போதும். நன்கொடையாளர்களைத் தேடத்தான் இந்த இலவச விளம்பரம்.