மாமியார் ஊருக்குப் போன பிறகு

மாமியார் மன்னார்குடிக்குத் திரும்பிப் போய் எட்டு மாதம் ஆகிறது. மனைவியின் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்தபோது, ஐந்து மாதக் குழந்தையோடு சென்னைக்கு வந்தவர், இரண்டரை ஆண்டுகள் எங்களோடு இருந்தார். முழங்கால் வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் கிளம்பினார். அப்போதும் ஏதோ குற்றம் செய்தவர் போலத்தான் விடைபெற்றார்.

திருமணமான புதிதில் நானும் மனைவியும் வேலையைப் பிரித்துத்தான் செய்தோம். இரவுச் சமையல், பாத்திரம், துணி உலர்த்துவது எல்லாம் என் பொறுப்பு. மாமியார் வந்த அன்று இரவு வழக்கம்போல் பாத்திரம் துலக்கப் போனேன். பதறிப்போய்க் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வையுங்கள் மாப்பிள்ளை, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" பார்ப்பதற்கு அங்கே யாருமே இல்லை. ஆனாலும் வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்தத் தொட்டிப் பக்கமே நான் போகவில்லை.

மனைவியால் அப்படி வைத்துவிட்டு நகர முடியவில்லை. அம்மா நின்றுகொண்டிருக்கும்போது மகள் எப்படி உட்காருவாள்? அலுவலகத்திலிருந்து வந்ததும் காய் நறுக்கினாள், மாவு அரைத்தாள், நான் விட்டுவிட்ட துணியையும் அவளே உலர்த்தினாள். வீட்டில் ஒரு ஆள் கூடியும் அவளுக்கு வேலை குறையவில்லை. எனக்கு மட்டும் அடியோடு இல்லாமல் போயிற்று. மாமியார் எங்களுக்குப் பெரிய துணை என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் 'எங்களுக்கு' என்ற சொல் பொய்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அந்த 88 நிமிடமும் ஏதாவது வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. எதுவுமே செய்யாத ஆண்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அந்த இரண்டரை ஆண்டுகளில் பெரும்பாலான நாட்கள் நானும் வந்திருக்க மாட்டேன்.

யோசித்தால் இது அதற்கும் முன்பே தொடங்கியது. வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நான் மாதம் இரண்டு முறை மன்னை எக்ஸ்பிரஸில் போய், குழந்தையை மடியில் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினேன். காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, உரை மருந்து கொடுப்பது, அழும்போது தோளில் போட்டு நடப்பது எல்லாவற்றையும் மனைவி தன் அம்மாவிடம் கற்றுக்கொண்டாள். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. தனியார் நிறுவனங்களில் தந்தைக்கு விடுப்புக் கொடுக்கச் சொல்லும் சட்டமும் இங்கே இல்லை.

இன்னொன்று. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று, 2017 பேறுகாலப் பலன் திருத்தச் சட்டம் வந்ததிலிருந்தே விதி இருக்கிறது. மனைவியின் அலுவலகத்தில் அது கிடையாது. பாட்டிதான் இருக்கிறாரே என்று நாங்களும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் விலை கொடுத்தவர் ஊரில் இருந்தார். மாமனாருக்கு 68 வயது, சர்க்கரை நோய். மாட்டையும் வயலையும் விட்டு வர முடியாது. மதியம் மெஸ் சாப்பாடு, இரவு பெரும்பாலும் பிஸ்கட். பிறகு வீடியோ அழைப்பில் மனைவி சொல்லச் சொல்ல ரசம் வைக்கப் பழகினார். நாற்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவரை முதுமையில் பிரித்து வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. இப்போது நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

மாமியார் போன மறுவாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மனைவி இரவுப் பணியில் இருந்தாள். எந்த மருந்து, எத்தனை மில்லி என்று தெரியாமல், இரவு பதினோரு மணிக்கு மன்னார்குடிக்குப் போன் செய்து கேட்டேன். பெற்ற மகளுக்கு!

மீண்டும் கற்றுக்கொண்டேன். இரவுச் சமையல், பாத்திரம், மகளின் மருந்துப் பெட்டி, பள்ளிப் பை எல்லாம் இப்போது என்னிடம். பேறுகாலத்துக்கு மனைவியை ஊருக்கு அனுப்பவிருக்கும் தம்பிகளே, பாட்டியை அழைத்து வருவதற்கு முன்பே உங்கள் வேலை எது என்று பேசி வையுங்கள். அவர் வந்த பிறகும் அது உங்களிடமே இருக்கட்டும்.

பொங்கலுக்கு மாமனாரும் மாமியாரும் பத்து நாள் வந்திருந்தார்கள். முதல் இரவே மாமியார் பாத்திரத்தை வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேத்தியிடம் போனார். மறுநாளும் வந்து நின்றார். மூன்றாம் நாள் வரவில்லை.