மே மாதக் கூடுகை ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. வருஷா வருஷம் மே மாதம் அம்பாசமுத்திரம் பக்கத்தில், தாமிரபரணி ஆற்றுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிற தாத்தா வீட்டில் கூடுகிறோமே, அதை இனிமேல் ஏதாவது ஒரு ரிசார்ட்டுக்கு மாற்றினால் என்ன என்று தம்பி பிள்ளைகள் கேட்கிறார்கள். ஏசி இருக்கும், பாத்ரூமுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், நீச்சல் குளம் இருக்கும், பெண்கள் அடுப்படியில் வேக வேண்டாம். அவர்கள் சொல்லும் கஷ்டம் எல்லாமே நிஜம். ஆனாலும் நான் இதற்குச் சம்மதிக்கவில்லை. காரணத்தைக் குழுவில் நாலு வரியில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே பேச்சு உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

நெல்லைப் பக்கம் குடும்பம் கூடுவதற்கு வேறு நாளே இல்லையா என்றால், உண்டு. பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் இருந்தாலும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆனால் அது பங்காளிகள் கூட்டம். கோயில் வரியைத் தலைக்கட்டுக் கணக்கில் போடுவார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். நான் இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், ஆனால் கழுத்தில் தாலி ஏறிய அன்றே என் சாஸ்தா மாறிவிட்டார். உத்திரத்துக்கு நான் போவது என் வீட்டுக்காரர் குடும்பத்துக் கோயிலுக்கு. என் அத்தைமார், அக்கா, தங்கை எல்லாரும் அப்படித்தான், ஆளுக்கொரு திசை. ஒரே வீட்டில் பிறந்த பெண்கள் அன்றைக்கு ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வழியே இல்லை.

மே மாதம்தான் பெண்மக்கள் கூடுகிற காலம். பள்ளிக்கூடம் அடைத்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு வருவது எந்தச் சாமிக்காகவும் இல்லை, எந்தச் சடங்குக்காகவும் இல்லை. அங்கே வரிப் பட்டியல் கிடையாது. அத்தை மக்களும் மாமா மக்களும் சித்தி மக்களும் ஒரே பந்தியில் உட்காருவது அந்தச் சில நாளில் மட்டும்தான்.

சொத்துப் பேச்சையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1989-லேயே குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. என் அத்தைகள் எல்லாரும் அதற்கு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை முடிந்து வெகு காலம் ஆகியிருந்தது. வயலில் பங்கு இல்லை, வீட்டில் பங்கு இல்லை, கோயில் கணக்கிலும் பெயர் இல்லை. பிறந்த ஊரில் அவர்களுக்கு மிச்சம் இருப்பது ஆற்றுப் படித்துறை ஒன்றுதான். அதற்கு யார் பெயரிலும் பட்டா கிடையாது.

பெரிய அத்தை மும்பையில் மகன் வீட்டில் இருக்கிறார். நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அங்கே போனில் பேசும்போதுகூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அதே அத்தையை மே மாதம் விடியற்காலையில் ஆற்றில் பார்க்க வேண்டும். படிக்கல்லில் மஞ்சளை உரசிப் பூசிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, நடு ஆறு வரை நீந்திப்போய்த் திரும்பி வருவார். அப்புறம் பேரன் பேத்திகளுக்குப் பாடம். வெட்டிப்போட்ட வாழைத்தண்டை ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, பிள்ளையின் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வார். “எலே, கழுத்தைத் தூக்காதே. காலை அடி, காலை அடி. தண்ணி உன்னைத் தூக்கும்.” எப்போது கையை எடுத்தார் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது. நானும் என் தங்கையும் அவரிடம்தான் நீச்சல் படித்தோம். எங்கள் பிள்ளைகளும் அவரிடம்தான். சென்னையில் பணம் கட்டி நீச்சல் வகுப்புக்குப் போன என் மகன், ஓடுகிற தண்ணீரில் எதிர்த்து நீந்தப் படித்தது அத்தையிடம்.

இந்த அத்தையை ரிசார்ட்டில் எங்கே உட்காரவைப்பது? நீச்சல் குளத்தில் சேலையோடு இறங்க விடமாட்டார்கள். கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் வேண்டுமா ஜூஸ் வேண்டுமா என்று கேட்போம். அதைத்தான் மும்பையில் வருஷம் முழுக்கச் செய்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ரிசார்ட்டில் குடும்பத்துக்கு ஒரு அறை. சாப்பாட்டுக்குக் கூடுவோம், போட்டோ எடுப்போம், கதவைச் சாத்திக்கொள்வோம். தாத்தா வீட்டில் ராத்திரி மொட்டை மாடியில் வரிசையாகப் பத்தமடைப் பாய் விரித்துப் படுக்கிறோம். பேசப் பிடிக்காத இரண்டு பேர்கூட ஆற்றுக்குப் போகிற வழியில் ஒன்றாக நடந்துதான் ஆக வேண்டும். என் அப்பாவுக்கும் சின்ன மாமாவுக்கும் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்த நாட்களிலும் இரண்டு பேரும் ஒரே படியில் உட்கார்ந்து துணி துவைத்திருக்கிறார்கள். வேட்டியைப் பிழிய இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு முனையை அப்பா பிடிப்பார், மறு முனையை மாமா பிடிப்பார். பேச்சு பிறகுதான் வந்தது. முகத்துக்கு முகம் உட்காரவைத்துச் சமாதானம் பேசியிருந்தால் அது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கும்பகோணத்துச் சம்பந்தி வீட்டார் முதல் தடவை வந்தபோது மே மாதத்தில் ஆற்றில் தண்ணீரைப் பார்த்து அசந்துபோனார்கள். அவர்கள் பக்கம் அப்போது காவிரி வெறும் மணல். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் உண்டு. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர், முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்குக் கிடைக்கிறது. கார் நெல் சாகுபடிக்கு எங்கள் பக்கத்துப் பாபநாசம் அணையை ஜூன் 1-ஐ ஒட்டித் திறப்பது வழக்கம். அதற்கு முன் மே மாதத்தில் ஓடுவது பெரும்பாலும் குடிநீருக்காக விடுகிற தண்ணீர். அதனால்தான் அந்த மாதம் ஆறு பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. எங்கள் துறையில் இடுப்பளவுதான், அடியில் கூழாங்கல் தெரியும், காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டால் மீன்குஞ்சு வந்து கடிக்கும். ஊர் கூடுவதற்கு மே மாதத்தை நம் பெரியவர்கள் பள்ளிக்கூட லீவுக்காக மட்டும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, பிள்ளைகள் சொல்லும் குறைகளுக்கு வருகிறேன்.

அடுப்படி விஷயத்தில் அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தாய்வீட்டுக்கு இளைப்பாற வந்த பெண், விடிந்தது முதல் ராத்திரி வரை தேங்காய் துருவிக்கொண்டே இருந்தால் அவள் எதற்கு வர வேண்டும்? ஆச்சி காலத்தில் அப்படித்தான் நடந்தது. அதைப் பெருமையாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அதற்குத் தீர்வு தவசுப்பிள்ளை, அதாவது சமையல்காரர். ஒரு தவசுப்பிள்ளை, கூட இரண்டு ஆள். காலையில் இட்லி, மத்தியானம் ஒரு நாள் சொதி, ஒரு நாள் கூட்டாஞ்சோறு, தொட்டுக்கொள்ளக் கல்லிடைக்குறிச்சி அப்பளம். ரிசார்ட்டில் ஒரு ராத்திரிக்கு ஆகும் செலவில் இது எல்லா நாளுக்கும் முடிந்துவிடும். செலவை ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லாக் குடும்பமும் பங்கு போட வேண்டும். பெண்மக்களிடம் வாங்கக் கூடாது என்று அண்ணன் சொல்வது பாசத்தால்தான், தெரியும். ஆனால் பங்கு கொடுக்காதவர்கள் விருந்தாளிகள். நாங்கள் விருந்தாளிகளாக வர விரும்பவில்லை.

பாத்ரூமுக்கு வழி எளிது. பின்கட்டில் இன்னும் இரண்டு கட்டுவோம். நான் என் பங்கை இப்போதே தருகிறேன்.

ஆறு பாதுகாப்பு இல்லை, சுத்தமும் இல்லை என்கிற குறைதான் பெரிது. அதை நான் சாதாரணமாக ஒதுக்க மாட்டேன். மணலை அள்ளி அள்ளி ஆற்றுக்குள் எங்கே பள்ளம் என்றே தெரியாமல் போனது. 2010-இல் நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. ஆனால் தோண்டின கசம், அதாவது ஆழமான பள்ளம், அத்தனையும் தூர்ந்துவிடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் அடியே மாறிப்போனது. எங்கள் துறையில் கீழ்ப்படிகள் மணலுக்குள் போய்விட்டன, எதிர்க்கரையில் ஆழம் கூடிவிட்டது. அதனால் வருஷா வருஷம் முதல் நாள், ஊரில் இருக்கிற பெரியவர் ஒருவர் கம்போடு இறங்கி ஆழம் பார்த்துச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும். மலையில் மழை என்று தெரிந்தால் அன்றைக்கு யாருமே இறங்கக் கூடாது. தண்ணியைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு வருகிற ஆண்கள் யாராக இருந்தாலும் கரையேற்றிவிட வேண்டும், அது மாப்பிள்ளையாக இருந்தாலும்.

அழுக்கைப் பற்றி என்ன சொல்ல? பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்தின துணியை ஆற்றில் விட்டுப் போகிறார்கள். தண்ணீருக்குள் அந்தத் துணி காலில் சுற்றியவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். கீழே நெல்லை மாநகரில் சாக்கடை நேராக ஆற்றில் கலக்கிறது. 2024 நவம்பரில் மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். நம் வீட்டில் யாராவது பரிகாரத்துக்குத் துணி விடுவதாக இருந்தால் இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். ஷாம்பு பாக்கெட்டைப் படியில் போட்டால் நான் திட்டுவேன், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டேன். ஆறு கெட்டுவிட்டது என்று நாம் ரிசார்ட்டுக்குப் போய்விட்டால், கெட்டுப்போவதைக் கேட்கக்கூட ஆள் இருக்காது. குளிக்க இறங்குகிறவர்கள்தான் ஆற்றுக்காகச் சண்டை போடுவார்கள். குழாயில் மட்டும் தண்ணீரைப் பார்க்கிறவர்கள் போட மாட்டார்கள்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் ஆற்றோரமாகக் குடில் போட்டுத் தங்கிய குடும்பங்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எந்த வசதியும் இல்லாத காட்டில் கைக்குழந்தையோடு வந்து இருந்தார்கள். நமக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, நடக்கிற தூரத்தில் ஆறு இருக்கிறது.

அதனால் தம்பி பிள்ளைகளே, ரிசார்ட் போக வேண்டும் என்றால் தீபாவளி லீவில் போவோம், நானும் வருகிறேன். மே மாதத்தில் கை வைக்காதீர்கள். 2024 நவம்பரில் இருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு மாதிரி 120 நாள் இல்லை. மார்ச் மாதம் யார் எந்த ஊரில் இருந்து என்று குழுவில் பெயர் போடுங்கள், நானே எல்லாருக்கும் டிக்கெட் போடுகிறேன். மும்பையில் இருக்கும் அத்தான்தான் இன்னும் பதில் சொல்லவில்லை. அத்தையை இந்த வெயிலில் அனுப்ப யோசிக்கிறாராம். முட்டி வலி, இனிமேல் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னாராம். அத்தையிடம் நேற்று ராத்திரி பேசினேன். கீழ் பெர்த்தாகப் போடச் சொன்னார்.