நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னால் போதும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி என்ற ஊரில் ஒரு முழு நாள் வண்டியை நகர்த்தாமல் இருந்தோம் என்றதும் நண்பர்கள் பலர் கேட்டது இதைத்தான்: "தினக்கணக்கு வாடகையாச்சே, ஒரு நாளை வீணாக்கிட்டீங்களே?" வீணாகவில்லை. வசந்தத்தில் இரண்டு ஜோடிகள் இதே பாதையில் எங்களைப் போல மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) எடுக்கப் போவதாகச் சொல்லியிருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்டோபரில் நானும் என் கணவரும் சிகாகோவில் 24 அடி வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை வழியாக அயோவா, நெப்ராஸ்கா தாண்டி வயோமிங் போனோம். கூரை மேலிருக்கும் ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரம் 11 அடி 3 அங்குலம். அதை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒட்டி வைத்தோம். சிகாகோவில் ரயில் பாலத்துக்கு அடியில் நுழையும் தெருக்கள் நிறைய. ஒரு பாலத்தில் உயரப் பலகை துருப்பிடித்து, எண் தெரியவில்லை. "ஏங்க, நிறுத்துங்க" என்றேன். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. நான் இறங்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே கைகாட்ட, அவர் அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்தினார். தாராளமாக இடம் இருந்தது. "இதுக்கா நிறுத்தினே" என்று அவர் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய விஷயம்.

நெப்ராஸ்காவில்தான் தவறினோம். அந்த மாநிலத்தில் மட்டும் இந்தச் சாலை ஏறத்தாழ 455 மைல் ஓடுகிறது, பெரும்பகுதி பிளாட் ஆற்றை ஒட்டி. கோசாட் என்ற ஊரில் 100ஆவது தீர்க்கரேகையைக் காட்டும் பலகை உண்டு. அதற்கு மேற்கே பொதுவாக மழை ஆண்டுக்கு 20 அங்குலத்துக்கும் குறைவு. மரம் அருகிப் புல்வெளி விரிகிறது, காற்றை மறிக்க ஒன்றுமே இல்லை. அன்று மாலை முகாமில் வண்டியின் பக்கவாட்டுப் பந்தலை விரித்து, அதன் கீழ் உட்கார்ந்திருந்தோம். புல் ஒரே பக்கமாகச் சாய ஆரம்பித்தது. "சுருட்டிடலாங்க" என்றேன். "அஞ்சு நிமிஷம், டீயை முடிச்சிடறேன்" என்றார். டீ முடியவில்லை. ஒரே வீச்சில் பந்தல் கூரைக்கு மேல் புரண்டு விழுந்தது, இரண்டு கம்பிக் கைகளும் வளைந்துவிட்டன. வாடகைக் காப்பீட்டில் பந்தல் சேராதாம், முழுச் செலவும் எங்கள் தலையில். பணத்தைவிட, அன்றிரவு இருவரும் பேசாமல் படுத்ததுதான் எனக்கு வலித்தது. காலையில் அவரே சொன்னார்: "இனிமே யார் நிறுத்தலாம்னு சொன்னாலும் நிறுத்திடுவோம். காரணம் கேக்க வேணாம்."

வயோமிங்கில் அந்தப் பேச்சுக்கு வேலை வந்தது. ஷெய்யனுக்கும் லாரமிக்கும் நடுவே சாலை 8,640 அடி உயரத்துக்கு ஏறுகிறது, அதுதான் இன்டர்ஸ்டேட் 80இன் உச்சி. தென் வயோமிங்கில் ராக்கி மலைத்தொடர் தாழ்ந்து ஓர் இடைவெளி விடுகிறது, மேற்குக் காற்று மொத்தமும் அதில் நெருக்கிக்கொண்டு வருகிறது. லாரமிக்கு மேற்கே உள்ள பகுதியை 1970 அக்டோபரில் திறந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அங்கே சாலை போடாதீர்கள் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே பனிக்காற்றால் மூட வேண்டி வந்தது.

ஒவ்வொரு டிரக் எங்களை முந்தும்போதும் காற்று ஒரு நொடி அறுந்தது, அது விலகியதும் மறுபடி அறைந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த அவர் கைமுட்டிகள் வெளுத்திருந்தன. லாரமியை நெருங்கும்போது மின்பலகையில் 60 மைல் வேகக் காற்று, எடை குறைந்த உயரமான வண்டிகளுக்குச் சாலை மூடல் என்று வந்தது. மறுநாள் காலை பலகை அணைந்துவிட்டது, ஆனால் காற்று இருந்தது. சட்டப்படி கிளம்பலாம். நான்தான் "வேண்டாங்க" என்றேன். அவர் சாவியை எடுத்து மேசை டிராயரில் போட்டார்.

கணக்கைப் பாருங்கள். எங்கள் வண்டியின் பக்கம் 24 அடி நீளம், சுமார் 10 அடி உயரம். 60 மைல் காற்று குறுக்கே அடித்தால் அதன்மேல் ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம். காற்று 30 மைலாகக் குறைந்தால் அழுத்தம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். அந்த வித்தியாசத்துக்காக ஒரு நாள் காத்திருப்பதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினோம். அப்படியும் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி இரவெல்லாம் கிணுகிணுத்தன. நான் எழுந்து நடுவில் துண்டைத் திணித்தேன்.

அடுத்த நாள் காற்று தணிந்தது. நான் ஓட்டினேன், 45 மைலுக்கு மேல் போகவில்லை. ஆர்லிங்டன் பக்கம் மலையடிவாரத்தில் மறுபடி உலுக்கியது. சமாளித்துவிடுவேன் என்றுதான் தோன்றியது. "நிறுத்தும்மா" என்றார். இண்டிகேட்டரைப் போட்டு அடுத்த எக்ஸிட்டில் இறங்கினேன். நாற்பது நிமிடம் கழித்து, "இப்போ?" என்றேன். "போலாம்" என்றார்.