அந்தக் கைப்பிடி விதை

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை, வந்திருந்த நண்பர்கள் அறிவார்கள். ஆளற்ற தீவில் தனியே சிக்கியவனின் கதையான 'ராபின்சன் குரூசோ' நாவலில், மணலில் பதிந்த ஒற்றைக் காலடியை மட்டுமே குறியீடு என்று விளக்கிய பேச்சாளர், பார்லி முளைக்கும் பகுதியை வெறும் விவரணை என்று ஒதுக்கினார். நான் மறுத்தபோது, "உங்கள் வயலை நாவலில் ஏற்றாதீர்கள்" என்றார். அரங்கமே சிரித்தது. இரண்டு நாளாகியும் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை.

வயலை நான் ஏற்றவில்லை. 1719இலேயே டேனியல் டீஃபோ அதை அங்கே வைத்துவிட்டார். எலி தின்ற தீவனப் பையைக் குரூசோ பாறையோரம் உதறுகிறான். மழைக்குப் பின் பத்துப் பன்னிரண்டு பார்லிக் கதிர்களைக் கண்டு, கடவுளே விதைத்தார் என்று அழுகிறான். பை உதறியது நினைவுக்கு வந்ததும் நன்றியுணர்வு தணிந்துவிட்டதாக அவனே ஒப்புக்கொள்கிறான். நாவலின் மனநிலை முழுவதும் இந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான் இருக்கிறது. பிறகு பருவம் தெரியாமல் விதைத்து, விதைத்த அவ்வளவையும் வறட்சிக்குக் கொடுக்கிறான். பார்லியிலும் அதனோடு முளைத்த நெல்லிலும் ஒவ்வொரு கைப்பிடியை எடுத்து வைத்திருந்ததால் பிழைக்கிறான். அந்தத் தானியத்தை உண்ணத் துணிவது நான்காம் ஆண்டில்தான்.

அவன் அடிமைகளை வாங்கக் கிளம்பிக் கப்பல் உடைந்தவன் ஆயிற்றே என்பீர்கள். உண்மை. தீவில் தான் காப்பாற்றிய ஃப்ரைடேக்குத் தன்னை 'எஜமான்' என்று அழைக்கக் கற்பித்தவன் என்பதும் உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குற்றத்தைச் சொல்வதற்காக விதையை ஏன் மறைக்க வேண்டும்?

2012இல், பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 கடந்தும் மேட்டூர் அணை திறக்கவில்லை. எங்களுக்குக் குறுவை நெல் சாகுபடி இல்லை. வீட்டில் இரண்டு மூட்டை விதைநெல் இருந்தது. அவித்து அரைத்துவிடலாமா என்று அம்மா கேட்டபோது, அப்பா பதில் சொல்லாமல் மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றினார். ரேஷன் அரிசியில் நாட்களை ஓட்டினோம். பசியோடு பரணைப் பார்த்தபடி படுத்திருந்தவனிடம், விதை குறியீடு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். காலடியைக் கண்ட அச்சம் பெரிதுதான். விதையை வைத்துக்கொண்டு உண்ணாதிருக்கும் அச்சத்துக்கு அது எந்த வகையில் மேல்?

கூட்டம் முடிந்த அன்றிரவு, பார்லிப் பகுதியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எந்த மாசத்துலப்பா தெளிச்சான்? மண்ணுல ஈரம் இருந்துதா?" என்று கேட்டார். விதையை இழந்த பிறகு குரூசோவும் இதையே கேட்டுக்கொண்டு, எந்த மாதம் மழை, எந்த மாதம் வறட்சி என்று வரிசையாக எழுதிவைக்கிறான்.