அணையைத் தூர் வாரணும் சரி, எத்தனை நடை?

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில தண்ணி இறங்கினா போதும், எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல "தூர் வாரு" கச்சேரி களைகட்டிடும். நானும் கத்தினவன்தான். டிப்பர் ஓட்டுற மச்சினன்தான் ஒருநாள் மடக்கினான்: "எத்தனை நடைன்னு கணக்குப் போட்டீங்களா மாமா?"

போட்டோம். அணை கட்டினப்ப கொள்ளளவு சுமார் 2410 மில்லியன் கனஅடி. இன்னைக்கு முழு மட்டமான 52 அடி நிறைஞ்சாலும் 1666தான். மீதி 744-ல மண்ணு உட்கார்ந்திருக்கு. நூறு கனஅடி ஒரு யூனிட். மூணு யூனிட் வண்டின்னா ஏறக்குறைய 25 லட்சம் நடை! தினம் 500 நடை, ஒருநாள் விடாம அடிச்சாலும் 13 வருஷத்துக்கு மேல ஆகும். வண்டி உள்ள இறங்குற மாதிரி காயறது வருஷத்துல எத்தனை நாள்? அதுக்குள்ள அடுத்த வெள்ளம் புது மண்ணைக் கொண்டாந்திடும்.

ஷட்டரைத் திறந்து விட்டா அடிச்சிட்டுப் போயிடும்னு சிலர் சொல்றாங்க. ஆறு உள்ள நுழையிற இடத்துலயே வேகம் குறைஞ்சு பருமணல் படிஞ்சிடுது. ஷட்டர் இழுக்கிறது அதுக்கு முன்னால கிடக்கிறதை மட்டும்தான். (அந்த மணலை வித்து செலவை எடுக்கலாம்னு ஆரம்பிச்சா என்ன நடக்கும்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்லணுமா?)

போன கோடையில எங்க ஏரி வண்டலை அள்ளி என் நிலத்துக்கு அடிச்சேன். மேல ஓடு மாதிரி வெடிச்சுக் கிடந்தது, கீழ பூரா களி. டிராக்டர் பின்சக்கரம் புதைஞ்சு, ஹிட்டாச்சி வாளி கொடுத்துத் தூக்கினாங்க. நிலம் ரெண்டு கிலோமீட்டர்ல இருந்ததால நடைக்கு 700 ரூபாயோட போச்சு. பன்னெண்டு கிலோமீட்டர்ல இருக்கிற பங்காளிக்கு 1500 சொன்னாங்க. "அதுக்கு எருவே அடிச்சுக்கிறேன்"னு போயிட்டார். மண்ணுக்குக் காசில்ல, வண்டிக்குத்தான்.

அதனாலதான் சொல்றேன், பணத்தை முதல்ல அணைக்கு மேல, தண்ணி வர்ற வழியில இருக்கிற ஏரி, ஓடைகள்ல போடுங்க. மண்ணு அங்கேயே நிக்கும், அள்ளினா பக்கத்துலயே கொட்ட நிலம் இருக்கு. அணை வண்டலைச் சுத்துவட்டார விவசாயிங்க எடுக்கட்டும். ஆனா பெங்களூரு பக்கமிருந்து நுரையோட வர்ற தென்பெண்ணை கொண்டாந்த மண்ணு அது. வயல்ல கொட்றதுக்கு முன்னாடி பரிசோதனை பண்ணியே ஆகணும்.

எங்க ஓடைத் தடுப்பணை மூணு வருஷமா மண்ணு ரொம்பிக் கிடக்கு. கட்டினதுக்குப் பணம் ஒதுக்கினாங்க, அள்ளுறதுக்கு ஒதுக்கல. அடுத்த கிராம சபையில முதல்ல அதைக் கேட்கப் போறேன்.