மாதேஷ் என்ற பெயர் 'மாது'விலிருந்து வந்ததா?

"தர்மபுரிப் பக்கம் மாதேஷ், மாதையன், மாது எல்லாம் பெண்ணைக் குறிக்கும் 'மாது' என்ற சொல்லிலிருந்து வந்தவை; முன்னால் நிற்கும் இனிஷியல்தான் சர்நேம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

இவை மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயர்கள். மலை இருப்பது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில். தர்மபுரிப் பக்கத்திலிருந்து மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாகப் போகிறார்கள். மகாதேஸ்வரன் பேச்சில் 'கா' உதிர்ந்து மாதேஸ்வரன் ஆனார். அதைச் சுருக்கினால் மாதேசன், மாதேஷ். மகாதேவன் மாதேவன் ஆவதும் இப்படித்தான். தேவாரத்திலேயே 'மாதேவன்' உண்டு. கன்னடத்தில் சாமியைச் செல்லமாக மாதப்பா என்பார்கள், நம்மிடம் மாதப்பன், மாதையன். ஆம்பளைப் பிள்ளைக்கு 'மாது' என்பதும் இதன் சுருக்கமே. மாதம்மாளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இதில் சேர்க்காதீர்கள். வடமாவட்டங்களில் மாதம்மா என்று தனி அம்மனே இருக்கிறாள். அந்தக் குடும்பத்தின் குலதெய்வம் எது என்று கேட்டால்தான் சொல்ல முடியும்.

இனிஷியல் பெரும்பாலும் அப்பா பெயரின் முதலெழுத்து, தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதை எப்படிக் குடும்பப் பெயர் என்பது? பாஸ்போர்ட்டில் ஒற்றை எழுத்தாகப் போடக்கூடாது, விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட அனுமதி உண்டு. ஆனால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பரில் அமீரகம் விசிட் விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வெளிநாடு போகிறவர்கள் அப்பா பெயரை முழுதாகச் சர்நேம் கட்டத்தில் போடுவது நல்லது. டிக்கெட்டிலும் எழுத்து மாறாமல் அதே வரிசை.